ஏழு வெள்ளைப் புள்ளிகள்

பத்தொன்பது வருடமாக ஈஸ்ட்டோடு குடித்தனம்,
முகத்தை இன்றுதான் பார்க்கிறேன்.
நானூறு மடங்கு பெரிதான வட்டத்துக்குள்
முட்டை முட்டையாய், அவசரமே இல்லாமல்,
ஒன்றின் தோளில் இன்னொன்று மொட்டுவிட்டபடி.
இதுவா, இதையா நான்
மூட்டைக் கணக்கில் கரைத்தேன்?

வால்திவியாவில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.
குடையை மட்டும் மாற்றுவார்கள்.
இரவு ஒரு மணிக்கு அடுப்பு.
ஐந்தரைக்கு மர்ராக்கெத்தா ரொட்டி
நாலு பிளவாய் வெடித்து வெளியே வரும்.
ஏழே முக்காலுக்குப் பாலம்,
கீழே மீன்சந்தை ஓரம் கடற்சிங்கங்கள்
கடன் கொடுத்தவர்களைப்போல் உட்கார்ந்து கத்தும்.
எட்டே காலுக்குத் தீவு, பல்கலைக்கழகம்,
முதலாமாண்டு உயிரணுவியல், இரண்டாவது வரிசை,
நாற்பத்துமூன்று வயது.

நாலே எழுத்து என்கிறார் பேராசிரியர் ஷ்வெர்ட்டர்.
மும்மூன்றாய்ச் சேர்த்துப் படிக்கவேண்டும்.
நாலு எழுத்தை வைத்துக்கொண்டு
இவ்வளவு வம்பா என்று நினைத்தேன்.
ஒன்று பிசகினால் போதுமாம்,
ஒற்று விழுந்த வரி
வேறெதையோ சொல்லிவிட்டுப் போவதுபோல.
மேசைமேல் சாட்சி இருந்தது:
ஓரெழுத்துப் பிழையில் சிவந்துபோன ஈஸ்ட்.
ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு
மிச்சத்தை வயிற்றிலேயே சேர்த்துவைக்கும்,
அந்த மிச்சம்தான் சிவப்பு.
(எனக்கும் அப்படிச் சில உண்டு.
அதைத் தேர்வில் கேட்கமாட்டார்கள்.)

தட்டில் பரப்பினோம், மூடினோம், பெயர் எழுதினோம்:
யான்கோ, எல்சிரா, வியாழன்.

திங்கட்கிழமை திறந்தால்
சிவப்புக்கு நடுவே ஏழு வெள்ளை.

யான்கோ நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.
"திருந்திடுச்சு! எழுத்து தானாத் திருந்திடுச்சு!"
எப்போதாவது அப்படி நடக்கும் என்று
பாடநூலின் ஓரத்தில், பொடி எழுத்தில், போட்டிருந்தது.
எங்களுக்கு ஏழு.
அடுத்த மேசைக்காரர்கள் போனை நீட்டிப் படமெடுத்தார்கள்.
ஷ்வெர்ட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
தட்டை வெளிச்சத்தில் சாய்த்தார்.
அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

நான் குனிந்து மோந்தேன்.
மோக்கக்கூடாது, ஆய்வக விதி எண் நான்கு.
ஆனால் அந்த வாசனையில்
என் பிள்ளைகள் மூன்றுபேர் வளர்ந்திருக்கிறார்கள்.
மேலங்கிக்கு உள்ளே
சட்டைக் கையின் மடிப்பைப் பிரித்தேன்.
மாவு.

பேசாமல் இருந்திருக்கலாம்.
ஒரு வாரம், ஏன், ஒரு மாதம்கூட ஓடியிருக்கும்.
யான்கோ தன் அம்மாவுக்கு ஏற்கனவே
படம் அனுப்பிவிட்டிருந்தான், இரண்டு இதயத்தோடு.

கையைத் தூக்கினேன்.
"மேடம், அது திருந்தவில்லை.
அது என் பேக்கரி."

யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.
ஷ்வெர்ட்டர் கறுப்பு மார்க்கரால்
மூடியின்மேல் ஒரே சொல் எழுதினார்: மாசு.
மஞ்சள் பையில் போட்டார்.
நூற்றிருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம்.
என் அடுப்பு இருநூற்று முப்பது,
ஆனால் அதிலிருந்து வெளியே வருவதை
எவரும் மாசு என்று சொன்னதில்லை.

யான்கோ அன்று முழுக்க முகம் கொடுக்கவில்லை. நியாயம்தான்.
புதன்கிழமை வந்து கேட்டான்,
உங்கள் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று.
ஆறு என்றேன். வரவில்லை.

இப்போதெல்லாம் நகக்கண்ணைப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறேன்,
சட்டையைக் கடையிலேயே மாற்றுகிறேன்.
இருந்தும் எங்கேயோ ஒட்டிக்கொண்டு
பாலம் தாண்டி வந்துகொண்டுதான் இருக்கும்,
பயணச்சீட்டு இல்லாமல்.

பருவத் தேர்வில் ஆறாம் கேள்வி:
திருந்திய உயிரணுவையும் வெளியிலிருந்து வந்ததையும்
எப்படிப் பிரித்தறிவாய்?
மரபணுவின் எழுத்துகளை வரிசைப்படுத்திப் பார்ப்பேன்
என்று ஒழுங்காக எழுதினேன்.
அடியில் இன்னொரு வரி:
மோந்தும் பார்ப்பேன்.

அந்த வரிக்கு அரை மதிப்பெண் போட்டு,
அடித்து,
மறுபடி போட்டிருக்கிறார்.